மகாராணிக்கு வேர்க்காது

“லீவுக்கு வந்திருக்கேன்” என்றுதான் அக்கா இந்தத் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

பொய் என்று தள்ளிவிட முடியாது. அவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. ஆனால் லீவுக்குத் தம்பி வீட்டுக்கு வருகிற எந்த அக்கா, தோளில் ஒரு துணிப்பையும், மடியில் ஒரு கூடையும், கூடைக்குள் முட்டைமேல் உட்கார்ந்த கோழியுமாக வந்து இறங்குகிறாள்? வண்டிக்காரர் பின்னாலேயே இன்னொரு கூடையை இறக்கினார். அதில் இன்னும் மூன்று கோழிகள். கூடவே யாரையும் நம்பாத முகத்தோடு ஒரு சேவல்.

போன வாரம் அந்தக் கூடைகளோடு அவளை வாசலில் நிற்கவைத்துவிட்டுத்தான் நாம் போனோம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். படிக்காதவர்கள் முழிக்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், வெளியூர் பஸ் டிரைவர். வீட்டில் இருக்கிற நேரத்தைவிட ரோட்டில் இருக்கிற நேரம்தான் அதிகம். கோழிக்கூண்டுக்கு மேலே நிழலுக்கு ஒரு கூரை போட்டுத் தருகிறேன் என்று போன கோடையிலேயே சொன்னார். இந்தக் கோடையிலும் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் மத்தியானம் பரீட்சைத் தாள் திருத்திவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தபோது, செம்பி என்கிற அவளுடைய செல்லக் கோழி, இறக்கை இரண்டையும் விரித்துப் போட்டபடி வெயிலில் செத்துக் கிடந்தது.

சாயங்காலம் வந்த அத்தான், “கோழிதானே, விடு. வேற வாங்கிக்கலாம்” என்றார்.

நாக்கில் சனி உட்கார்ந்திருந்தால் வேறென்ன வரும்? அக்கா பதில் பேசவில்லை. மறுநாள் கூடையை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து இவளும் போன் பண்ணவில்லை, அவரும் பண்ணவில்லை.

கூடையில் அடை உட்கார்ந்திருந்த கோழிக்குப் பெயர் மகாராணி. அது என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும், அதனால் நாமும் அவள் என்றே சொல்வோம். அவள் வயிற்றுக்கடியில் இருந்த முட்டைகள் அத்தனையும் செம்பி இட்டவை. செம்பி போய்விட்டாள், மிச்சம் இருப்பது அந்த முட்டைகள்தான். இன்றோ நாளையோ பொரிய வேண்டும்.

அந்த ‘இன்றோ நாளையோ’வில்தானா வானம் இப்படிக் கொள்ளி வைக்க வேண்டும்! காலையில் பால் வாங்கப் போனவர்களே முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தம்பி விடிந்ததிலிருந்து பின்கட்டில் தெர்மாகோல் அறுத்துக்கொண்டிருந்தான்.

தம்பி ஏசி மெக்கானிக். தெருவில் அவனுக்குப் பெயர் கூலிங். அவன் மனைவி ஒரு பேக்கரியில் கேக் மேல் பூ வரைகிறவள், அதனால் அவள் ஐசிங். கூலிங்கும் ஐசிங்கும் குடியிருக்கிற வீட்டில் ஏசி கிடையாது. கேட்டால், “டாக்டர் வீட்டுல ஆஸ்பத்திரி இருக்கா?” என்பான். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவன் சொல்கிற முதல் வார்த்தை ஒன்றுதான்: “கதவைச் சாத்துங்க, குளிர் போயிடும்.” தூக்கத்தில்கூட அதைத்தான் சொல்கிறான் என்று ஐசிங் சத்தியம் பண்ணுகிறாள்.

“டேய், போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. வேலைக்குப் போகலையா?” என்றாள் அக்கா.

“அடிக்கட்டும். ஊருக்கெல்லாம் குளிர் குடுக்கறேன், எங்க அக்கா கோழிக்குக் குடுக்க மாட்டேனா? தள்ளு, வெயில்ல நிக்காதே.”

சமையலறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்தது கூண்டு. மரச்சட்டம், நாலு பக்கமும் கம்பி வலை. வலை முழுவதையும் அவன் தெர்மாகோலால் மூடினான். இடுக்கில் எல்லாம் ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஸ்பாஞ்சை அடைத்தான். அதன்மேல் வெள்ளி டேப். ஒரு பக்கம் டேபிள் ஃபேன், ஃபேனுக்கு முன்னால் நனைத்த சாக்கு. உள்ளே பார்க்கக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். உள்ளே எவ்வளவு சூடு என்று காட்ட வெளியில் ஒரு சின்ன மீட்டர். கடைசியாக, கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஒரு ஸ்பிரிங்.

“ஸ்பிரிங் எதுக்குடா?”

“நீ மறந்தாப்புல தெறந்து போட்டுட்டா? குளிர் போயிடும்ல?”

வேலைக்குக் கிளம்பின ஐசிங் எட்டிப் பார்த்தாள். “ஏங்க, கோழிக்கு வீடு கட்டச் சொன்னா ஃபிரிட்ஜ் கட்டி வெச்சிருக்கீங்க?”

“நீ போய் ரோஜாப்பூ வரை. இது டெக்னிக்கல் மேட்டர்.”

அவள் போனாள். அவனும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஃபேன் சுற்ற, மீட்டரில் எண் இறங்க ஆரம்பித்தது. அக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது. என் தம்பி, என் தம்பி என்று நாலு தரம் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதோடு நின்றிருக்கலாம். போனை எடுத்துக் கூண்டை ஒரு படம் பிடித்து அத்தானுக்கு அனுப்பிவைத்தாள். கீழே ஒரு வரி: ‘ஒரே காலையில் முடித்துவிட்டான்.’

பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

“வராது. எப்படி வரும்?” என்று அக்கா சேவலிடம் சொன்னாள். சேவலுக்குப் பெயர் இன்ஸ்பெக்டர். அவர் கொண்டையை ஒரு ஆட்டு ஆட்டினார்.

வெயில் ஏறிற்று. தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதித்தது. கொடியில் போட்ட துணி போட்ட கையோடு காய்ந்தது. அக்கா ஜன்னல் வழியாகக் கூண்டுக்குள் பார்த்தாள். கோழிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இறக்கைகள் உடம்பிலிருந்து விலகித் தொங்கின. தொண்டைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. மீட்டரைப் பார்த்தாள். முப்பத்தொன்று.

தம்பிக்குப் போன் போட்டாள். யாரோ வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசினான்.

“முப்பத்தொண்ணுதான் காட்டுது. ஆனா மூச்சு வாங்குதுங்கடா.”

“அக்கா, வெளியே நாப்பத்து மூணு! முப்பத்தொண்ணுன்னா சொர்க்கம். சொகுசு பழகல, அவ்வளவுதான். நீ கதவை மட்டும் தெறந்துடாதே.”

அவள் கணக்கு டீச்சர். எண் பொய் சொல்லாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள். எதிரே வாயைப் பிளந்து நிற்கிற கோழியைவிட அந்த எண்ணைத்தான் நம்பினாள். படித்த புத்தி அப்படித்தான் வேலை செய்யும். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

டம்ளரைக் கவிழ்த்து வைக்கும்போது தலைக்கு மேலே ஓடின ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. தெரு முழுக்க ஒரு “ச்சே!” எழுந்தது.

கரண்ட் போய்விட்டது.

அக்கா பின்கட்டுக்கு ஓடினாள். கூண்டு ஃபேன் நின்றிருந்தது. பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக இப்போது எதுவுமே தெரியவில்லை. உள்பக்கம் முழுக்க நீர் கோத்து, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஐசிங் முன்வாசலில் நுழைந்தாள். கடையில் கிரீம் எல்லாம் உருகி ஓட, முதலாளி பாதி நாளிலேயே கடையைச் சாத்திவிட்டார். பையில் அவளுடைய கேக் கத்தியும், துணியில் சுற்றிய ஐஸ் கட்டிகளும் இருந்தன.

“அண்ணி! என்ன ஜன்னல் இப்படி வேர்த்திருக்கு?”

“தெரியலம்மா... கரண்ட் போச்சு...”

“கரண்ட் போனதுல இது வேர்க்கல. சூடு ஆறாத கேக்கை டப்பால போட்டு மூடினா இப்படித்தான் டப்பா வேர்க்கும். உள்ளே இருக்கிற பூவெல்லாம் வழிஞ்சு போயிடும். உள்ளே ஒரே ஈரம் அண்ணி!”

ஈரம் என்ற சொல் காதில் விழுந்ததும் அக்காவுக்குப் பொறி தட்டியது. தலையில் அடித்துக்கொண்டாள்.

“கோழிக்கு வேர்க்காது! அய்யோ, இது கூடவா எனக்குத் தெரியாது? வேர்க்கவே வேர்க்காது. வாயைத் தெறந்து மூச்சு வழியா ஆவியை விட்டுத்தான் உடம்பை ஆத்திக்கும். சுத்தி இருக்கிற காத்தே ஈரமா இருந்தா அந்த ஆவி எங்க போகும்? ஈரத்தை உள்ள அடைச்சு வெச்சுட்டு நான் எண்ணைப் பாத்துக்கிட்டு நின்னேன்!”

கதவை இழுத்தாள். ஸ்பிரிங் அதைப் பட்டென்று திருப்பிச் சாத்தியது. மறுபடி இழுத்தாள். மறுபடி சாத்தியது. “உன் ஸ்பிரிங்ல இடி விழ!” என்று ஒரு மிதி மிதித்தாள், கதவே கையோடு வந்துவிட்டது.

அப்போது பார்த்துத் தம்பியின் போன். ஐசிங் எடுத்தாள். “கரண்ட் போயிடுச்சாமே? கதவைத் தெறந்துடாதீங்க, உள்ள இருக்கிற குளிர் கொஞ்ச நேரம் தாங்கும்...”

“கதவே இல்லங்க இப்ப” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

திறந்த வாசல் வழியாக வெந்நீர்ப் பானை மூடியை எடுத்தது போல ஆவி வந்து முகத்தில் அடித்தது. ஆனால் உள்ளே காற்று அசையவில்லை. கோழிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

“ரெண்டு பக்கமும் தெற!” என்று கத்தினாள் அக்கா. “ஒரு பக்கம் தெறந்தா காத்து எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடும். போக வழி இருந்தாத்தான் வரும். எதிர்ப் பக்கம் தெற!”

ஐசிங் பையிலிருந்து நீளமான கேக் கத்தியை உருவினாள். எதிர்ப் பக்கத்துத் தெர்மாகோலில் குத்தி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பிறகு குறுக்கே ஒன்று. பெரிய துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. வெள்ளை மணிகள் பின்கட்டு முழுக்கப் பறந்தன. அனல் காற்றுதான், ஆனாலும் காற்று. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று.

கோழிகள் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தன. இன்ஸ்பெக்டர் தன் கௌரவத்தை எல்லாம் மறந்து ஐசிங்கின் காலடியிலேயே விழுந்தார்.

அக்கா மட்டும் அசையாமல் நின்றாள். ஒரு நொடிதான். இப்போது தன் வாயிலிருந்து வந்த அந்தப் பேச்சு யாருடையது?

கல்யாணமான புதிதில் அத்தானோடு பஸ்ஸில் போவாள். டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டு அவளுக்கு. வண்டியை எடுக்குமுன் அவர் திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் போடுவார்: “ரெண்டு பக்கமும் தெறங்க சார்! ஒரு பக்கம் தெறந்தா காத்து எட்டிப் பாத்துட்டுப் போயிடும். போக வழி இருந்தாத்தான் வரும்!” தினம் தினம், ஒவ்வொரு வண்டியிலும், அட்சரம் பிசகாமல் அதையேதான். அவளுக்குச் சிரிப்பாக வரும். அது இத்தனை வருஷத்தில் தன் நாக்குக்கே வந்து குடியேறிவிட்டது என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

“அண்ணி, மகாராணி வரல!”

மகாராணி வரவில்லை. எப்படி வருவாள்? மூலைப் பெட்டியில், முட்டைகள்மேல் இறக்கையை விரித்தபடியே இருந்தாள். கழுத்து மட்டும் பெட்டியின் விளிம்பில் துவண்டு தொங்கியது. கண் மூடியிருந்தது. கொண்டை கறுத்துப் போயிருந்தது.

அக்கா அவளை இரண்டு கையாலும் அள்ளினாள். “மகாராணி, ஏய் மகாராணி, கண்ணு, இங்க பாரு...”

“ஐஸ் இருக்கு அண்ணி! தண்ணில போட்டு முக்கிடலாமா?”

“வேணாம், வேணாம்! திடீர்னு ஐஸ்ல போட்டா அதிர்ச்சிலயே போயிடுவா. சமையல்கட்டு வாளில இருக்குமே, அந்தத் தண்ணி போதும். பேசின்ல கொஞ்சமா ஊத்து. கால் மட்டும் நனையணும். ஐஸைத் துணியோட பக்கத்துல வை.”

மகாராணியின் கால்களைத் தண்ணீரில் வைத்தாள். இறக்கையைத் தூக்கி அடியில் ஈரக்கையால் தடவினாள். கொண்டையை நனைத்தாள். ஐசிங் ஒரு மூடித் தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் துளி கலந்து கொண்டுவர, விரலால் தொட்டு அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தாள். சொட்டு வழிந்து கீழே விழுந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் விழுந்தது.

“முட்டையெல்லாம் அங்கே தனியா கெடக்கே. ஆறிடுமேம்மா” என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது.

ஐசிங் முட்டைகளைக் கேக் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கி நிழலுக்குக் கொண்டுவந்திருந்தாள். “எங்க அண்ணி ஆறும், இந்த வெயில்ல? அவ கொஞ்ச நேரம் எழுந்து வந்தா வெயிலே அடைகாக்கும். ஒண்ணும் ஆறிப்போயிடாது. நீங்க அவளைப் பாருங்க.”

அக்கா கோழியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கணக்கு டீச்சர் அழுது ஐசிங் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு அட்டையை எடுத்து இரண்டு பேருக்கும் சேர்த்து விசிறினாள்.

“ஒண்ணு கவனிச்சியா?” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “என் தம்பி என் கோழிங்களை ஆவில வேகவெச்சிருக்கான். அவன் மேல எனக்குக் கோவமே வரல. பாவம், ஆசையாப் பண்ணினான்னுதான் தோணுது. அவர் ஒரு கூரை போடலன்னு கூடையைத் தூக்கிட்டு வந்துட்டேன்.”

“இவரு செஞ்சு கெடுத்தாரு. அண்ணன் செய்யாம கெடுத்தாரு. எல்லாம் ஒரே குட்டைல ஊறின மட்டைங்கதான் அண்ணி.”

அழுகைக்கு நடுவில் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “இல்லம்மா. கூரைக்காக வரல. ‘கோழிதானே’ன்னாரு பாரு, அதுக்குத்தான் வந்தேன். அவர் ரோட்டுல இருக்கிற நாளெல்லாம் அந்த வீட்டுல என்கூடப் பேசினது அதுங்கதான். அது அவருக்குத் தெரியாதே. நான் சொன்னாத்தானே தெரியும்? நானும் வாயைச் சாத்திக்கிட்டுக் கெளம்பிட்டேன்.”

அடுத்த சொட்டு வழியவில்லை. மகாராணியின் தொண்டை அசைந்தது. விழுங்கிவிட்டாள்!

“குடிச்சிட்டா!” இரண்டு பெண்களும் சேர்ந்து போட்ட சத்தத்தில் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார்.

அதே நேரம் தம்பி வந்து சேர்ந்தான். சட்டை முழுக்க நனைந்து, கையில் பையோடு பின்கட்டில் நுழைந்தவன், “ஐயோ, என் தெர்மாகோல்!” என்றான். அப்புறம்தான் அக்கா மடியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“அக்கா... நானா?”

“நீயேதான்.”

“அடி அக்கா. ரெண்டு அடி அடி.”

அக்கா ஈரக்கையால் அவன் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தேய்த்தும் விட்டாள். “போடா, குளிர் போயிடும்னு கோழியோட உயிரைப் போக வெச்சிருப்பே.”

“ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானைல விழுந்துச்சாம்” என்றாள் ஐசிங்.

“நீ வேற ஏன்டி வெந்த புண்ணுல...”

“வெந்தது புண் இல்லங்க, கோழி. எழுந்து அந்த ஸ்பாஞ்சையெல்லாம் பிடுங்குங்க.”

பிடுங்கினான். மூன்று பக்கத்துத் தெர்மாகோலையும் கழற்றினான். பையிலிருந்து ஒரு வெள்ளி ஷீட்டை எடுத்துக் கூண்டுக்கு மேலே, கூண்டில் ஒட்டாமல் ஒரு முழ இடைவெளி விட்டு நிழலுக்குக் கட்டினான். காற்று வருகிற பக்கம் மட்டும் ஈரச் சாக்கு. எதிர்ப் பக்கம் திறந்த வலை. தொட்டியடியில் மண்ணை நனைத்துவிட்டான். கோழிகள் அங்கே போய் வயிற்றை அழுத்திக்கொண்டு படுத்தன. ஐசிங் ஒரு தர்பூசணியை உடைத்து நடுவில் வைத்தாள். இன்ஸ்பெக்டர்தான் முதலில் கொத்தினார். மீட்டர் முப்பத்தெட்டு காட்டியது. ஒரு கோழியும் வாயைப் பிளக்கவில்லை.

“அந்த மீட்டரைக் கழட்டித் தூரப் போடு” என்றாள் அக்கா.

மகாராணி அவள் மடியிலிருந்து இறங்கினாள். இரண்டடி வைத்தாள், சாய்ந்தாள், நின்றாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அந்த நிசப்தத்தில்தான் அது கேட்டது.

கீச்.

கேக் டப்பாவிலிருந்து.

ஐசிங் குனிந்து காதை வைத்தாள். தம்பியும் தலையை நுழைக்க, இருவர் தலையும் முட்டிக்கொண்டன. ஒரு முட்டையில் மிளகளவு ஓடு பெயர்ந்து, உள்ளே ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. கீச். மகாராணி தொண்டைக்குள் கொக்கொக்கென்று ஒரு பதில் கொடுத்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி டப்பாவை நோக்கி வந்தாள்.

“மிதிச்சிடப் போறா!” என்றான் தம்பி.

“கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமாடா? விடு அவளை.”

மகாராணி டப்பாவுக்குள் ஏறி, இறக்கையைச் சரிசெய்து, முட்டைகள்மேல் மெதுவாக உட்கார்ந்தாள். உட்கார்ந்தபின் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். பெயருக்கேற்ற பார்வைதான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். தம்பி ஏதோ கேட்க வாயெடுக்க, ஐசிங் அவன் காலை மிதித்தாள்.

மணி ஒரு தரம் அடித்து முடிவதற்குள் அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது.

“ம்” என்றார் அத்தான்.

“நான்தான்.”

“தெரியுது.”

“முட்டைக்குள்ள சத்தம் கேக்குது. செம்பியோடது.” சொல்லிவிட்டுப் போனை மகாராணியின் வயிற்றோரம் வைத்தாள். கீச், கீச். திரும்பக் காதில் வைத்தாள். “கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவ உனக்கு யாருன்னு யோசிக்காமப் பேசிட்டேன்.”

“நானும் சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கக் கூடாது. படம் வேற அனுப்பிச்சேன்.” அக்கா மகாராணியின் முதுகைத் தடவிவிட்டாள். “அந்தக் கூண்டை இப்பத்தான் ரெண்டு பக்கமும் கிழிச்சுப் போட்டோம். நீங்க சொல்ற மாதிரி கத்தினேன்.”

“நான் சொல்ற மாதிரியா?” அவர் சிரித்தார். சிரிப்போடு டொக் டொக்கென்று ஒரு சத்தமும் வந்தது.

“அங்க என்ன சத்தம்?”

“கூரை.”

“எந்தக் கூரை?”

“கோழிக்குத்தான். வேற எதுக்கு?”

“இந்த வெயில்லயா! அறிவிருக்கா உங்களுக்கு? தலைல துண்டாவது போட்டிருக்கீங்களா இல்லையா? கோழிக்குக் கூரை போடறேன்னு நீங்க சுருண்டு விழுந்தா யாரு பாக்கறது? எறங்குங்க மொதல்ல. தண்ணி குடிங்க.”

“எறங்கறேன், எறங்கறேன்” என்றார். அவள் திட்டியது அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது குரலிலேயே தெரிந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. கணக்கு டீச்சர் அல்லவா? என்ன கிழமை என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. இந்தக் கிழமையில், இந்த நேரத்துக்கு, அவர் பஸ்ஸோடு எங்கோ தொலைதூரத்தில் இருக்க வேண்டும்.

“இன்னைக்கு உங்களுக்கு டூட்டி ஆச்சே?”

சுத்தியல் சத்தம் நின்றது.

“லீவு” என்றார் அத்தான்.

“லீவா? எப்பலேர்ந்து?”

“லீவுதான். சும்மா. சரி, சார்ஜ் இல்ல, வைக்கறேன். அந்தக் குஞ்சைப் பாத்துக்கோ.”

போன் அணைந்தது. அக்கா அதைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

“என்னக்கா? என்ன சொன்னாரு?” என்றான் தம்பி.

“லீவுல இருக்காராம்.”

“நல்லதுதானே?”

அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வார்த்தையை அந்தக் குரலில் இந்தத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். அப்படிச் சொல்கிற லீவு எப்படிப்பட்ட லீவு என்று அவளுக்கா தெரியாது? அங்கே என்னவோ நடந்திருக்கிறது. அதைச் சொல்ல அந்த வீட்டில் அவருக்கு ஒரு கோழிகூட இல்லை.

மகாராணியைப் பார்த்தாள். இப்போது அவளை அசைக்க முடியாது. ஒன்று ஓட்டை உடைக்கிறது, மற்றவை எப்போது உடைக்குமோ! செம்பியின் குஞ்சைக் கண்ணால் பார்க்காமல் எப்படிப் போவது? போகாமல்தான் எப்படி இருப்பது?

ஐசிங் உள்ளே போனாள். அக்காவின் துணிப்பையோடு திரும்பி வந்தாள். ஒரு பாட்டில் தண்ணீரும், நனைத்துப் பிழிந்த ஒரு துண்டும் அதற்குள் வைத்தாள்.

“கொஞ்ச நேரம் எழுந்து போங்க அண்ணி” என்றாள். “இங்க ஒண்ணும் ஆறிப்போயிடாது.”

அக்கா பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். தம்பி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் போய்த் தெருக்கதவை அகலத் திறந்தான். பின்கட்டுக் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. காற்று வீட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் போயிற்று. ஐசிங் வந்து வழியனுப்ப நின்றாள். போகும்போது அவன் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.